கழிவறையில் கிறிஸ்துமஸ் பாட்டு

என் தங்கை மகள் ஷீபா, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ, கையில் ரப்பர் உறை. நான் அந்தக் காலத்தில் செய்த அதே வேலைதான். பெயர் மட்டும் குளித்துத் தலைசீவிக்கொண்டு வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“மாமா, நீ அந்த வேலைய சந்தோசமா செஞ்சேன்னு அம்மா சொல்லிகினே கீது. கக்கூஸ் கழுவுறதுல இன்னா மாமா சந்தோசம்? எங்க ட்ரெய்னிங்குல அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சுகந்தி முந்திக்கொண்டாள். “அங்க சந்தோசமாத்தான் கழுவுனாரு. வூட்ல ஒரு தட்டு கழுவச் சொல்லு. மூஞ்சி எங்க போவுதுன்னு பாரு.”

சாப்பாட்டு நேரத்தில் கழிவறைப் பேச்சு வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். ஆனால் கேள்வி தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. எனவே எழுதுகிறேன். நிதானமாகப் படிக்கவும். சாப்பிடும்போது வேண்டாம்.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடப்பாக்கம் போகும் வழியில், சவுக்குத் தோப்புக்குள் ஒரு தியான இல்லம் இருந்தது. பெயர் வேண்டாம். சபைகளிலிருந்து போதகர்களும் விசுவாசிகளும் வந்து தங்கி, ஜெபித்து, செய்தி கேட்டு, கடலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போதுபோல் அகலமாகாத காலம். பஸ் டிரைவரிடம் “சவுக்குத் தோப்பு” என்று கத்தினால் நிறுத்துவார். மனமிருந்தால்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு கிராமம் என்னுடையது. அப்பா பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். நான் பத்தாவது வரை படித்தேன். பத்தாவதுக்கு என்னைப் பிடிக்கவில்லை. எங்கள் சபைப் பெரியவர் ஒருவர், “கடலோரமா ஒரு வேலை கீது தானியேலு, ஆபீஸ் மாதிரி” என்று அனுப்பிவைத்தார். நானும் தலைக்கு எண்ணெய் தடவி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, ஒரு விளக்குமாற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கையில் கொடுத்தார். பேனா வைத்திருந்த பையில் அன்றிலிருந்து பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. கழிவறை ஓடுகளின் இடுக்கைத் தேய்க்க அதுதான் சரியான சாமான். ஊர்ச் சிநேகிதர்கள் விஷயம் தெரிந்ததும், “இன்னா மச்சான், பெட்சீட் மடிக்கிற கலெக்டரா?” என்று கேட்டார்கள். பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

வாளி கொடுத்த அம்மாவின் பெயர் ஞானப்பூ. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சின்ன வயதிலேயே வந்துவிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் வீடு, வாசல், உறவு என்று யாரும் மிச்சமில்லை. இல்லத்தில் துணிகள் அடுக்கும் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. அதுதான் அவருடைய வீடு, ஊர், எல்லாம். குள்ளமான உருவம், வெள்ளைச் சேலை, நூல் கட்டிய கண்ணாடி. நடந்து வருவது தெரியாது. திரும்பினால் நிற்பார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பாட்டில்லாமல் வேலையில்லை. எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்பது முடிவாகியிருந்தது. தரை துடைக்க நன்றிப் பாட்டு. ஜன்னலுக்குக் காலை ஆராதனைப் பாட்டு. கழிவறைக்குப் பினாயிலை ஊற்றிவிட்டுச் சரணங்களைப் பாட வேண்டும், அதுவரை அது ஊற வேண்டும். பல்லவி திரும்ப வரும்போதெல்லாம் தேய்க்க வேண்டும். பாதியில் பாட்டு நின்றால் வேலையும் முதலிலிருந்து. கடிகாரம் பார்த்து வேலை செய்தவன் கடிகாரத்தைத்தான் பார்ப்பான், மூலையைப் பார்க்க மாட்டான் என்பது அவர் கட்சி.

கழிவறைக்கு என்று அவர் வைத்திருந்தது கிறிஸ்துமஸ் பாட்டு. மார்கழியில் வீடு வீடாகப் பவனி போகும்போது மேளத்தோடு பாடுவோமே, அந்த மாதிரி ஒன்று. ஆனியில், ஆடியில், ஐப்பசி மழையில், எல்லா நாளும் கழிவறைக்குள் ஆண்டவர் பிறந்துகொண்டே இருந்தார். முதல் வாரம் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை.

“இன்னாம்மா இது, கக்கூசுல போய் சாமி பாட்டு. தப்பில்லியா?” என்று கேட்டேன்.

“ஏல, அவரு பொறந்தது எங்க? மாட்டுக் கொட்டில்லதான? சாணி நாத்தம் அவருக்குப் புதுசாக்கும்? கோயில்ல பாட ஆயிரம் பேரு இருக்காவ. இங்கன பாடத்தான் ஆளு இல்ல. பாடு.”

பாடினேன்.

கட்டிலில் விரிப்புப் போடுவதற்கும் முறை இருந்தது. நாலு மூலைக்கு நாலு ஜெபம். முதல் மூலையைச் செருகும்போது நேற்று அங்கே படுத்தவருக்காக. இரண்டாவதில் இன்று படுக்கப் போகிறவருக்காக. மூன்றாவது அதைத் துவைத்தவருக்காக. நாலாவது நமக்காக. நேற்றுப் படுத்தவர் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தால், முதல் மூலை ஜெபம் எனக்குக் கொஞ்சம் காரமாக வரும். பரிசுத்த வாழ்வைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வந்தவர்களே ஈரத் துண்டு விஷயத்தில் இப்படி இருந்தால், கேட்க வந்தவர்களைப் பற்றி என்ன சொல்ல.

ஆனால் ஞானப்பூ அம்மாவின் உண்மையான வித்தை இதெல்லாம் இல்லை. அவர் யாரையும் திட்ட மாட்டார். பணி செய்யும் இடத்தில் கடுஞ்சொல் கூடாது என்பது அவருடைய விரதம். அதற்குப் பதில், நம்மை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமாக ஜெபிப்பார்.

முதல்முறை எனக்கு நடந்தது ஏழாம் அறையில். அம்மா தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கைகளைக் கூப்பினார்.

“எங்கள் பரம தகப்பனே, ஸ்தோத்திரம். உம்முடைய அடியான் தானியேல், கட்டிலுக்கு அடியில் உமது கண் எட்டாது என்று நினைத்திருக்கிறான். அங்கே ஒரு பிஸ்கட் காகிதமும், இரண்டு கரப்பான் பூச்சிகளின் சரீரமும் அடக்க ஆராதனைக்குக் காத்திருக்கின்றன. அவன் மேல் கோபம் கொள்ளாதேயும். அவன் இடுப்பு வளைய மட்டும் கிருபை தாரும். ஆமென்.”

யாராவது ஜெபிக்கும்போது குறுக்கே பேச முடியுமா? முடியாது. ஆமென் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆமென் வந்த பிறகோ, அவர் அடுத்த அறையில் இருப்பார். கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு எனக்கும் வழி தெரிந்தது. ஒரு காலை அவர் ஆமென் சொன்ன மூச்சிலேயே நான் கண்ணை மூடினேன்.

“ஆண்டவரே, ஸ்தோத்திரம். அந்தக் கட்டில் காலு ஒடஞ்சிகீது, தள்ளுனா வுழுந்துரும்னு உமக்குத் தெரியும். தச்சரக் கூப்டுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்னும் உமக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு நீரே தெரியப்படுத்தும். ஆமென்.”

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தச்சர் வந்தார்.

அதிலிருந்து எங்கள் சண்டைகள் எல்லாம் பரலோகத்தின் வழியாகவே நடந்தன. முதலில் “ஆண்டவரே” என்றவருக்குத்தான் பேசும் உரிமை. அதனால் வாக்குவாதம் வரும்போலிருந்தால் இரண்டு பேரும் அவசர அவசரமாகக் கண்ணை மூடுவோம். தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருந்தார். சமையல்காரி எல்லம்மா. பக்கத்து மீனவர் குப்பத்துக்காரி. அவள் கும்பிடுவது அம்மனை. ஆனாலும் இல்லத்துப் பாட்டுகள் அத்தனையும் எங்களைவிட அவளுக்கு நன்றாக வரும். சோறு வடிக்க ஒரு பாட்டு, சாம்பாருக்கு ஒரு பாட்டு என்று வைத்திருந்தாள். நாங்கள் ஜெபத்தில் மோதும்போது கரண்டியோடு வந்து வாசலில் நிற்பாள். யார் பக்கம் நியாயம் என்று தோன்றுகிறதோ அவர் ஜெபத்துக்கு உரக்க “ஆமென்” போடுவாள். தோற்றவருக்கு முணுமுணுப்பாக ஒன்று. மேல்முறையீடு கிடையாது.

சந்தோஷம் எப்போது வந்தது என்றுதானே ஷீபா கேட்டாள்? அது தேதி சொல்லிக்கொண்டு வரவில்லை. ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் துவைத்த விரிப்புகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கடல் காற்று. ஒரு விரிப்பு என் தலையில் வந்து சுற்றிக்கொண்டது. உள்ளேயிருந்து வெளியே வர வழி தெரியாமல் தடுமாறும்போதுதான் கவனித்தேன், நான் பாடிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. அம்மா ஊரிலேயே இல்லை, செங்கல்பட்டுக்குக் கண் காட்டப் போயிருந்தார். மாடியில் நானும் ஒரு காக்கையும்தான். இந்த விரிப்பில் இன்றைக்கு யாரோ நன்றாகத் தூங்குவார் என்று நினைத்தேன். ஆண்டவர் என் பக்கத்தில் நின்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அழுகை வந்தது. விரிப்பில் துடைத்தேன். பிறகு அதை மறுபடி துவைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு, இரண்டாயிரம் பிறந்த பிறகு, புது இயக்குநர் வந்தார். இளம் போதகர், எங்களுக்கு ஐயா. ஒல்லியான ஆள், மெல்லிய குரல், சர்க்கரை வியாதி. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு அமைதி பிடிக்கும். எங்களுக்கோ அது பழக்கமில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஒரு நாள், சிலுவைப் பாடுகளைப் பற்றி மனமுருகப் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஹாலின் பின்சுவரை ஒட்டித்தான் பொதுக் கழிவறை. சரியாக அவர் குரல் உடையும் இடத்தில், சுவருக்குப் பின்னாலிருந்து நான் பாலன் பிறந்த செய்தியை முழுத் தொண்டையில் அறிவித்தேன். வாளியில் தாளம் வேறு. கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு ஒருவர் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

அன்று மாலை ஐயா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

“அடுத்த வாரம் மௌன தியானம். வருகிறவர்கள் யாரும் பேச மாட்டார்கள். நீங்களும் பேசக் கூடாது, பாடக் கூடாது, சத்தமாக ஜெபிக்கவும் கூடாது. தலையில் தேங்காய் விழுந்தாலும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவர் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நானாக இருந்தாலும் சரி.” கொஞ்சம் நிறுத்தி, ஞானப்பூ அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். “உங்களால் முடியாவிட்டால், செங்கல்பட்டில் ஒரு காண்ட்ராக்ட்காரர் இருக்கிறார். அவர் ஆட்கள் சத்தமில்லாமல் வேலை செய்வார்கள். அம்மாவும் ஊரில் போய் ஓய்வெடுக்கலாம்.”

“சரிங்கய்யா” என்றார் அம்மா. எந்த ஊர் என்று கேட்கவில்லை.

வெளியே வந்ததும் எல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணாத்த, அந்தம்மாவுக்கு ஏது ஊரு? வாயக் கட்டிகினு கெடப்போம். ஒரு வாரம்தான.”

மௌன வாரம் தொடங்கியது. வந்தவர்கள் கண்களால் வணக்கம் சொன்னார்கள். நாங்கள் மனதுக்குள் பாடிக்கொண்டு வேலை செய்தோம். அப்போதுதான் ஒரு பேராபத்து தெரியவந்தது. மனதுக்குள் பாடும்போது ஆளுக்கொரு வேகம். அம்மாவுக்குத் திருநெல்வேலிக் கோயில் இழுவை. ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் ஒரு டவுன் பஸ் வந்து போய்விடும். எனக்கு எங்கள் ஊர்ப் பவனி வேகம், தெருநாய் துரத்துவது மாதிரி.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் அவர், அந்த முனையில் நான். முதல் வரி முடிந்ததும் இழுத்து விறைப்பாக்க வேண்டும், இரண்டாவது முடிந்ததும் பாதியாக மடிக்க வேண்டும், மூன்றாவதில் எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். வாய்விட்டுப் பாடியபோது இது அவ்வளவு அழகாக நடக்கும். இப்போது நான் மூன்றாவது வரியில் நடந்து போனேன். அவர் முதல் வரியில் விறைப்பாக இழுத்தார். நான் விரிப்போடு பறந்து போய் அவர் காலடியில் விழுந்தேன். மறுதடவை அவர் நடந்து வந்தார், நான் இழுத்தேன். அவரது கண்ணாடி ஜன்னல் வழியாகச் செம்பருத்திச் செடிக்குப் போனது. இரண்டு பேரும் கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒருவரைப் பற்றி ஒருவர் ஆண்டவரிடம் மனதுக்குள் நெடுநேரம் முறையிட்டோம். அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுப்படியில் அதைவிட மோசம். பாட்டில்லாமல் வடித்த சோறு கஞ்சியாகிவிட்டது. சாம்பாரில் எல்லம்மா ஒரு சரணத்துக்கு ஒரு தடவை என்று உப்புப் போடுவாள். எந்தச் சரணத்தில் இருக்கிறோம் என்பது அவளுக்கே மறந்துபோயிற்று. வந்தவர்கள் வாய் திறவாமல் சாப்பிட்டார்கள். மௌன தியானத்தில் சமையல்காரர்களுக்கு இருக்கும் ஒரே வசதி அதுதான்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். ஒரு சாயங்காலம் துணி அறைக்குப் போனபோது, பின்னறைக் கதவு திறந்திருந்தது. அம்மா தன் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதற்குள் இரண்டு சேலையை எடுத்து வைத்தார். பிறகு வெளியே எடுத்தார். மறுபடி வைத்தார். இவ்வளவு வருஷம் எல்லாருக்கும் படுக்கை விரித்தவர், தான் எங்கே படுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கடைசி நாளுக்கு வந்துவிட்டோம். விருந்தினர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய் ஆளுக்கொரு திசையில் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லம்மா ஐயாவின் அறைக்கு நாஸ்தா கொண்டுபோய் மேசையில் வைத்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குளிக்கிறார் என்று வந்துவிட்டாள். பாத்திரம் எடுக்கப் போனால் நாஸ்தா அப்படியே இருக்கிறது, கதவு அப்படியே சாத்தியிருக்கிறது; உள்ளே வாளிச் சத்தம், இன்னும் குளிக்கிறார் என்று திரும்பிவிட்டாள். மதியச் சாப்பாட்டை வைக்கப் போனாள். அப்போதும் அப்படியே. கண்ணை உருட்டிக்கொண்டு ஓடிவந்து எங்கள் இருவரையும் இழுத்துப் போனாள்.

குளியலறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பிளாஸ்டிக் வாளியில் விரலால் தட்டும் சத்தம். ஐயா துணி துவைக்கிறாரோ என்று நினைத்தேன். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. பிறகுதான் எனக்கும் புரிந்தது. உள்ளேயிருந்து வந்தது கிறிஸ்துமஸ் பாட்டின் பல்லவி! தாளமாக மட்டும்!

நடந்தது என்னவென்றால், அந்தக் கதவு உப்புக் காற்றில் ஊறி, கீல் தளர்ந்து, கீழே இறங்கியிருந்தது. காலையில் தாழ்ப்பாளைப் போட்டவரால் அதைத் திறக்க முடியவில்லை. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்போம். எப்படிக் கொடுப்பார்? வாய் திறந்தவர் பெட்டியைக் கட்ட வேண்டும், நானாக இருந்தாலும் சரி என்று சொன்னதே அவர்தான். தட்டுவது பேச்சாகாது என்று சமாதானம் செய்துகொண்டு, கழிவறை என்றால் எங்களுக்கு உடனே புரியக்கூடிய ஒரே விஷயத்தைத் தட்டியிருக்கிறார். அதுவும் இரண்டாவது வரியில் தாளம் தப்பாக.

நான் தோட்டத்துக் கடப்பாரையைக் கொண்டுவந்து கதவுக்கு அடியில் கொடுத்தேன். வெளியிலிருந்து கதவைத் தூக்கும் அதே நொடியில் உள்ளிருந்து தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் தூக்கினேன், அவர் இழுக்கவில்லை. நான் விட்டேன், அவர் இழுத்தார். நான் கதவைத் தட்டிக் காட்டினேன், அவர் பதிலுக்குத் தட்டினார். எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள், சத்தமில்லாமல். விரிப்பு மடித்த கதையே மறுபடியும்.

மேலே சிமெண்ட் ஷீட் கூரை. உச்சி வெயில். சர்க்கரைக்காரர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தச்சரைக் கூப்பிட மாமல்லபுரத்துக்குத்தான் ஓட வேண்டும். வாளித் தாளம் மெதுவாகிக்கொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது.

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, நான் பாடுகிறேன் என்று வாயசைத்தேன். எனக்கு ஊர் இருந்தது, வீடு இருந்தது. போனால் போகிறது. ஞானப்பூ அம்மா உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். ஒரு கணம் அந்த அறையின் ஜன்னல் வழியாகத் துணி அறைப் பக்கம் பார்த்தார். பிறகு கதவோடு வாயை வைத்து, பாட ஆரம்பித்தார்.

வயதான குரல். ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த குரல். அதே இழுவை. நான் கடப்பாரையில் கையை வைத்துக் காத்திருந்தேன். உள்ளே தாழ்ப்பாளில் விரல் படும் சத்தம் கேட்டது. முதல் வரி போனது. இரண்டாவது வரி, சரியான தாளத்தில். மூன்றாவது. பல்லவி முடியும் இடத்தில் நான் தூக்கினேன், அவர் இழுத்தார். கதவு திறந்தது. ஐயா இடுப்பில் துண்டோடும், மேலெல்லாம் வியர்வையோடும் வந்து என் மேல் விழுந்தார். நான் எல்லம்மா மேல் விழுந்தேன். எல்லம்மா மதியச் சாப்பாட்டின் மேல் விழுந்தாள்.

அம்மா பாட்டை நிறுத்தவில்லை. பாதியில் நின்றால் முதலிலிருந்து அல்லவா? ஐயாவை நாற்காலியில் உட்காரவைத்து, சர்க்கரை கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, கடைசிச் சரணம் வரை பாடி முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “நான் பெட்டியக் கெட்டுதேன் ஐயா” என்றார்.

ஐயா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையை உயர்த்தி, கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம். ஜெபத்தில் சொன்னதை மாற்ற முடியாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

“ஆண்டவரே, ஸ்தோத்திரம். மௌனம் காக்காதவர்கள் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று உமது ஊழியன் சொன்னது நிஜம்.” நிறுத்தினார். குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. “ஆனால் ஆண்டவரே, இந்த அறையில் தன் வேலையைச் செய்யாத ஒருவன் இருக்கிறான். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல், உமது பிள்ளைகளுக்குத் துன்பம் கொடுத்தவன். அந்தத் தாழ்ப்பாளை இன்றே வெளியே அனுப்பிவிடுகிறேன். மற்றவர்கள் எல்லாரும் இருக்கட்டும். உமது அடிமை ஞானப்பூ, பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து அடுக்கட்டும். இது அவள் வீடு. ஆமென்.”

எல்லம்மா போட்ட ஆமென் கடற்கரை வரை கேட்டது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

அம்மாவின் கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர் வழிந்தது. நான் பார்த்தேன், எனக்கும்தான். ஆனால் அவர் கண்ணைத் திறக்கவில்லை. அதே மூச்சில் ஆரம்பித்தார். “பரம தகப்பனே, ஐயா சோப்பைத் தண்ணிக்குள்ளயே போட்டுட்டு வந்திருக்காவ. கரைஞ்சு போகுது. அவியளுக்கு ஞானத்தைத் தாரும். ஆமென்.” ஐயா எழுந்து போய் சோப்பை எடுத்து மேலே வைத்தார்.

அதன் பிறகும் மௌன தியானங்கள் நடந்தன. வந்தவர்கள் மௌனமாக இருந்தார்கள், கழிவறைகள் மட்டும் அப்படி இருக்கவில்லை. சில வருஷங்கள் கழித்து ஐயா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது ஏழாம் அறை விரிப்பை அவரே போட்டார். நாலாவது மூலை சரியாகச் செருகவில்லை. அம்மா அதை ஆண்டவரிடம் சொல்லாமல் விட்டது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான்.

ஞானப்பூ அம்மா அந்தப் பின்னறையிலேயே, தன் கட்டிலிலேயே, ஒரு சித்திரை மாதம் போய்ச் சேர்ந்தார். விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. அடக்கத்துக்கு ஐயா பஸ் பிடித்து வந்தார். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கல்லறை. வெயில் மண்டையைப் பிளந்தது. வழக்கமான பாட்டுகள் முடிந்து, பெட்டியை இறக்கும் நேரம் வந்தது. யார் என்ன பாடுவது என்று தெரியாமல் எல்லாரும் நின்றோம். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டை ஆரம்பித்தார். அம்மாவின் இழுவையிலேயே, இரண்டாவது வரியில் தாளம் தப்பாமல். வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லம்மா அழுதுகொண்டே சேர்ந்துகொண்டாள். நானும் பாடினேன். என் வேகத்தில் அல்ல.

பாட்டு முடிந்ததும், யாரும் கேட்காமலே, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆண்டவரே, ஸ்தோத்திரம். எங்கம்மா அங்க வந்துகினு கீறாங்க. கட்டிலுக்கு அடியில ஒரு தபா நல்லா பெருக்கி வெச்சிரும். வந்ததும் மொதல்ல அங்கதான் பார்ப்பாங்க.”

“ஆமென்” என்றாள் எல்லம்மா, உரக்க.